தூங்குபவரைத் தேடிவரும் ஒளி: சுவீடனின் லூசியா விழா

சுவீடனில் ஆண்டுதோறும் டிசம்பர் 13ஆம் நாள் விடியலுக்கு முன் நடைபெறும் லூசியா விழா, அந்நாட்டின் குளிர்கால விழாக்களுள் அயல்நாட்டவரால் மிகுதியும் படம்பிடிக்கப்படுவதும், மிகக் குறைவாகவே புரிந்துகொள்ளப்படுவதும் ஆகும். வெண்ணிற நீளங்கி உடுத்து, இடையில் செந்நிறப் பட்டை கட்டி, எரியும் மெழுகுவத்திகள் பொருத்திய முடியைத் தலையில் சூடிய ஓர் இளம்பெண் முன்னே நடக்க, அதே வெள்ளுடையில் சிறுவரும் சிறுமியரும் பாடிக்கொண்டே பின்தொடரும் காட்சியைப் படத்தில் கண்டவர் பலர். அக்காட்சி எதற்காக, யார்முன், எந்த நேரத்தில் நிகழ்கிறது என்பதைப் படம் சொல்வதில்லை. இவ்விழாவைக் காணச் செல்லும் அயலார் அதனை எவ்வாறு அணுகலாம் என்பதை ஆராயும் இவ்வுரை, ஒரு கருத்தை முன்வைக்கிறது: லூசியா விழாவின் உயிர், ஒருவர் மற்றவருக்கு முன்பாக எழுந்து, ஒளியையும் பாட்டையும் உணவையும் அவர் இருக்கும் இடத்திற்கே கொண்டுசெல்வதில் இருக்கிறது; ஆகவே அதனை அறிய விரும்பும் அயலார்க்கு ஏற்ற இடம் பார்வையாளரின் இருக்கையைக் காட்டிலும் விருந்தினரின் இருக்கையே.

முதலில் அந்நாட்டின் இருளைப் பற்றிக் கூறவேண்டும். சென்னையில் டிசம்பர் மாதத்திலும் பகற்பொழுது பதினொரு மணி நேரத்திற்குக் குறைவதில்லை. ஏறத்தாழ 59 பாகை வட அகலாங்கில் அமைந்த ஸ்டாக்ஹோமிலோ, டிசம்பர் நடுவில் சூரியன் காலை எட்டரை மணிக்குப் பின்னரே எழுந்து, பிற்பகல் மூன்று மணி ஆகும் முன்பே மறைந்துவிடுகிறது. இடைப்பட்ட ஆறு மணி நேரமும் அது வானில் உயர ஏறாமல் கூரைகளின் விளிம்பை ஒட்டியே செல்கிறது. மேகம் மூடிய நாட்களில் அதுவும் தெரிவதில்லை. ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே உள்ள கிருனா நகரில் லூசியா நாளன்று சூரியன் அடிவானத்திற்கு மேல் வருவதே இல்லை. பள்ளிக்குச் செல்லும் குழந்தை இருளில் புறப்பட்டு இருளில் வீடு திரும்பும் வாரங்கள் இவை. பனி பெய்து நிலம் வெளுத்திருந்தால் தெருவிளக்கின் ஒளி அதில் பட்டு ஓரளவு பரவும். தென்பகுதி நகரங்களில் அந்தப் பனியும் பல ஆண்டுகளில் கிறிஸ்துமசுக்கு முன் தங்குவதில்லை என்பதால், ஈரமான கருந்தெருக்களே எஞ்சுகின்றன.

இவ்விருளுக்கு எதிரான ஆயத்தம் லூசியா நாளுக்கு இரண்டு வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்தை அத்வெந்து, அதாவது திருவருகைக் காலம் என்பர். முதல் ஞாயிறன்று வீடுகளில் நான்கு மெழுகுவத்திகளுள் ஒன்று ஏற்றப்பட, அதன்பின் வாரம் ஒன்றாக மற்றவையும் ஏற்றப்படுகின்றன. அதே நாளில் சன்னல்தோறும் உள்ளே விளக்கு எரியும் காகித விண்மீன்கள் தொங்கவிடப்படுகின்றன. இவ்வழக்கம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் தோன்றிய மொராவியத் திருச்சபையினரிடமிருந்து வந்தது. சன்னல் விளிம்பில் முக்கோண வடிவில் ஏழு சிறுவிளக்குகளைத் தாங்கி நிற்கும் மின்விளக்குத் தண்டு, கோதன்பர்கில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஓஸ்கர் அண்டர்சன் என்பவர் 1934இல் உருவாக்கியது. கிறிஸ்துமஸ் மர விளக்குகளுள் கழிக்கப்பட்டவற்றை வைத்தே அவர் அதனைச் செய்தார். இவ்விளக்குகள் வீட்டினுள் இருப்போர்க்குப் பயன்படுவதைவிடத் தெருவில் செல்வோர்க்கே மிகுதியும் பயன்படுகின்றன. திரைச்சீலை இழுத்து மூடப்படாத சன்னல்களின் வழியே ஒளி வெளியே விடப்படுகிறது. பிறர்க்காக ஏற்றப்படும் ஒளி என்னும் எண்ணம் லூசியா நாளில்தான் முழு உருவம் பெறுகிறது எனினும், அதன் தொடக்கத்தை அயலார் இச்சன்னல்களிலேயே காணலாம்.

டிசம்பர் 13 என்ற நாள் எவ்வாறு அமைந்தது என்பதற்குப் பஞ்சாங்கக் கணக்கே விடை. ஆண்டின் மிக நீண்ட இரவு இன்றைய கணக்கில் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் வருகிறது. ஆனால் ஐரோப்பாவில் முன்பு வழங்கிய ஜூலியன் நாட்காட்டி, சூரிய ஆண்டைச் சற்றே நீட்டிக் கணக்கிட்டமையால் நூற்றாண்டுதோறும் பிழை ஏறி, 14ஆம் நூற்றாண்டளவில் அந்த நீண்ட இரவு டிசம்பர் 13ஐ ஒட்டி விழுந்தது. 1753இல் சுவீடன் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறி, பிப்ரவரி 17க்கு அடுத்த நாளை மார்ச் 1 என்று கொண்டபோது, வானியல் உண்மை விலகிச் சென்றது. மக்கள் மனத்தில் லூசியா இரவே நீண்ட இரவு என்னும் நம்பிக்கை மட்டும் விலகவில்லை.

அந்நீண்ட இரவைப் பற்றிய பழைய நம்பிக்கைகள் இன்றைய விழாவின் மென்மைக்கு நேர்மாறானவை. சுவீடனின் மேற்குப் பகுதியிலும் நார்வேயிலும் லுஸ்ஸி என்னும் பெண் பேய் அவ்விரவில் உலாவுவதாகவும், குறித்த வேலைகளை முடிக்காத வீட்டாரை அவள் தண்டிப்பதாகவும் நம்பப்பட்டது. அவ்விரவில் விலங்குகள் பேசும் என்றும் சொன்னார்கள். கொட்டிலில் இருந்த மாட்டுக்கும் குதிரைக்கும் அன்று கூடுதல் தீவனம் வைத்தார்கள். தூங்காமல் விழித்திருப்பதும், பொழுது புலருமுன் பலமுறை உணவு கொள்வதும் வழக்கமாக இருந்தன. இளைஞர்கள் மாறுவேடம் பூண்டு வீடு வீடாகச் சென்று பாடி, உணவும் மதுவும் கேட்டுப் பெற்றார்கள். ஆகவே அவ்விரவு அச்சமும் ஆரவாரமும் கலந்த ஒன்றாக இருந்தது. அதில் வெள்ளுடைப் பெண்ணுக்கு இடமில்லை.

அந்நாளுக்கு உரிய புனிதர், சுவீடனிலிருந்து நெடுந்தொலைவில், மத்தியதரைக் கடலில் உள்ள சிசிலித் தீவின் சிரகூசா நகரைச் சேர்ந்தவர். உரோமைப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் கிறித்தவர்கள் ஒடுக்கப்பட்டபோது, 304ஆம் ஆண்டில் லூசியா என்னும் அக்கன்னிப்பெண் கொல்லப்பட்டதாகத் திருச்சபை மரபு கூறுகிறது. நிலத்தடிச் சுரங்கங்களில் ஒளிந்திருந்த கிறித்தவர்களுக்கு அவர் உணவு கொண்டுசென்றார் என்றும், இரு கைகளிலும் உணவைச் சுமக்கவேண்டியிருந்ததால் விளக்கைத் தலையில் சூடிச் சென்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இடைக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் அவர் போற்றப்பட்டார். ஆயினும் 16ஆம் நூற்றாண்டில் சுவீடன் லூத்தரன் சபைக்கு மாறியபோது புனிதர் வணக்கம் விலக்கப்பட்டது. புனிதரை வணங்காத ஒரு நாடு, ஒரு சிசிலியப் புனிதையின் நாளை இன்றளவும் நாடளவில் கொண்டாடுவது எவ்வாறு என்னும் வினா இங்கு எழுகிறது.

ஆராய்ச்சியாளர் பலர் சுட்டும் விடை, ஜெர்மனியின் சீர்திருத்தச் சபையினரிடம் வழங்கிய ஒரு வழக்கத்தை நோக்கிச் செல்கிறது. அங்கே குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் பொறுப்பு புனித நிக்கோலசிடமிருந்து குழந்தை இயேசுவுக்கு மாற்றப்பட்டது. வெள்ளாடை அணிந்து, மெழுகுவத்தி முடி சூடிய ஒரு சிறுமி அக்குழந்தையாக நடித்தாள். இவ்வுருவம் சுவீடனின் மேற்கே உள்ள பண்ணை மாளிகைகளுக்கு வந்து, அங்கே முன்பே இருந்த லூசியா இரவு உணவோடு கலந்தது என்பர். இக்கலப்பிற்குக் கிடைக்கும் முதற்சான்று 1764ஆம் ஆண்டினது. வெஸ்டர்யோட்லண்ட் மாநிலத்தின் ஹோர்ன் மாளிகையில் அன்றிரவு தங்கியிருந்த ஒருவரின் நினைவுக்குறிப்பு அது. தூங்கிக்கொண்டிருந்த அவரை அறைக்கு வெளியே எழுந்த பாட்டொலி எழுப்பியது. வெள்ளுடையும் இடைப்பட்டையும் அணிந்து, தோள்களில் சிறகு போன்றவற்றைப் பூட்டிய ஒரு பெண், பெரிய வெள்ளித் தண்டுகளில் எரியும் மெழுகுவத்திகளுடன் உள்ளே வந்தாள். உணவும் பானமும் பரப்பிய சிறு மேசை ஒன்றை மற்றொருத்தி கட்டிலருகே கொண்டுவந்து வைத்தாள். தலையில் முடி பற்றி அக்குறிப்பில் பேச்சில்லை. ஆனால் இவ்வுரைக்கு முதன்மையானது வேறொன்று: வெள்ளுடை லூசியாவைப் பற்றிய முதல் வாக்குமூலமே, வழக்கம் அறியாது வந்து தங்கி, எதிர்பாராமல் எழுப்பப்பட்டு, உண்ணக் கொடுக்கப்பட்ட ஒரு விருந்தினரின் வாக்குமூலமாக உள்ளது. விருந்தினர் இவ்விழாவுக்குப் புறம்பானவர் அல்லர் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

மாளிகை வழக்கமாக இருந்தது நாட்டு வழக்கமாக மாறியது மிகப் பிற்காலத்தில்தான். மேற்கு மாநிலங்களிலிருந்து உப்சாலா, லுண்ட் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கச் சென்ற மாணவர்கள் அதனைத் தம் மாணவர் கழகங்களுக்குக் கொண்டுசென்றார்கள். ஆர்த்தர் ஹசேலியுஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய ஸ்கன்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம், பல மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததோடு, அவற்றுக்குரிய விழாக்களையும் நடத்திக் காட்டியது. 1890களில் லூசியாவும் அங்கே இடம்பெற்றது. 1927இல் தலைநகரின் நாளிதழ் ஒன்று ஸ்டாக்ஹோமுக்கென ஒரு லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டியை நடத்தியதும், பிற நகரங்களின் இதழ்களும் அதனைப் பின்பற்றின. பள்ளிகளும் உள்ளூர்ச் சங்கங்களும் இதனை ஊக்குவித்தமைக்கு ஒரு காரணம் உண்டு: கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு மக்கள் பெயர்ந்த காலத்தில், குடித்துவிட்டு வீடு வீடாகச் செல்லும் மாறுவேட இளைஞரைக் காட்டிலும், வரிசையாக நடந்து பாடும் வெள்ளுடைச் சிறுவரே நடுத்தர வகுப்பினர்க்கு ஏற்புடையவர்களாக இருந்தனர். எனினும் பழைய ஆரவாரம் முற்றிலும் மறையவில்லை. லூசியாவுக்கு முந்தைய இரவில் விடிய விடிய விழித்திருந்து களிக்கும் இளைஞர் கூட்டங்களை இன்றும் நகரங்களில் காணலாம்.

விழாவின் தலைமைப் பாட்டும் இத்தகைய பயணத்தின் விளைவே. அதன் மெட்டு, தியோடோரோ கொத்ரோ 1849இல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட நேப்பிள்ஸ் நகரப் படகுப்பாட்டினுடையது. அப்பாட்டு நேப்பிள்ஸின் சாந்தா லூசியா என்னும் கடற்கரைப் பகுதியையும், அங்கே நிலவொளியில் மிதக்கும் படகையும் பற்றியது. சிக்ரிட் எல்ம்பிளாட் 1919இலும், ஆர்விட் ரூசேன் 1928இலும் அதற்குச் சுவீடிய மொழியில் புதிய சொற்களை எழுதினார்கள். குளிர்கால இரவும் அதனுள் வரும் ஒளியும் அப்போதுதான் பாட்டுக்குள் நுழைந்தன. சிசிலியப் பெயர், ஜெர்மானிய உடை, நேப்பிள்ஸ் மெட்டு, செய்தித்தாள் போட்டி ஆகியவற்றால் ஆன ஒன்றை மரபு என்று அழைக்கலாமா என்று கேட்போர் உண்டு. ஒரு வழக்கம் எவ்வளவு பழையது என்பதையே அதன் மதிப்பாகக் கொள்வோர்க்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் கலந்துவந்த இத்தனை பொருள்களிலும் 1764ஆம் ஆண்டின் செயல் ஒன்று மாறாமல் இருப்பதைக் காணவேண்டும்: பாட்டு முதலில் வந்து எழுப்புகிறது, ஒளி அடுத்து நுழைகிறது, உணவு இறுதியில் வைக்கப்படுகிறது.

இன்றைய ஊர்வலத்தின் உறுப்புகள் பின்வருமாறு. தலைமை தாங்கும் லூசியாவின் முடி, குளிரிலும் பசுமை மாறாத லிங்கன்பெரிச் செடியின் கொத்துகளால் சுற்றப்பட்டது. இடையில் கட்டிய செம்பட்டை மறைசாட்சியின் குருதியைக் குறிக்கும் என்பர். அவளைத் தொடரும் தோழியர் தேர்னா எனப்படுவர். அவர்கள் தலையிலும் இடையிலும் பளபளக்கும் ஜிகினா இழையைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு மெழுகுவத்தியை ஏந்துகிறார்கள். கூம்பு வடிவ வெள்ளைத் தொப்பியில் பொன்னிற விண்மீன்கள் ஒட்டி, விண்மீன் பொருத்திய கோலை ஏந்தி வரும் சிறுவர்கள் விண்மீன் பையன்கள் எனப்படுவர். அவர்களுக்குரிய பாட்டு, ஏரோது மன்னனின் குதிரைலாயத்தில் வேலை செய்ததாகச் சொல்லப்படும் புனித ஸ்தேவானைப் பற்றியது. பண்ணையைக் காக்கும் குள்ள உருவமான தொம்தெ வேடத்திலும், இஞ்சி பிஸ்கட் பொம்மை வேடத்திலும் சிறு குழந்தைகள் கடைசியில் வருவார்கள். வரிசை தவறுவதும், தொப்பி கண்ணை மறைப்பதும் அவர்கள் பங்கில் எதிர்பார்க்கப்படுபவையே.

ஊர்வலம் நுழைவதற்கு முன் அறையின் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. முதன்முறை காண்போர் பலர் இதனைச் சாதாரண ஏற்பாடாகக் கருதிக் கைப்பேசியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் இவ்விடைவேளையே விழாவின் முதற்பகுதி. இருளில் அமர்ந்திருப்போரின் கண் பழகுவதற்குள் தாழ்வாரத்திலிருந்து பாட்டு கேட்கிறது. அது நெருங்க நெருங்கச் சுவரில் ஒளி அசைகிறது. அதன்பின்னரே உருவங்கள் தெரிகின்றன. ஒளியைப் பாடிக்கொண்டே கொண்டுவந்து, பாடிக்கொண்டே கொண்டுபோவதால், அறையில் இருப்போர் முன்னும் பின்னும் இருளை அறிகிறார்கள். எரியும் மெழுகு தலையில் சொட்டாமலிருக்க முடிக்கு அடியில் ஈரத்துணி வைப்பதும், பள்ளிகளில் மின்கலத்தால் எரியும் முடியைப் பயன்படுத்துவதும் வழக்கம். உண்மைச் சுடரைச் சூடிய லூசியா தலையை அசைக்காமல், மெல்ல அடி வைத்து நடக்கவேண்டியிருப்பதால், ஊர்வலத்தின் நிதானத்திற்கு அச்சுடரும் ஒரு காரணமாகிறது.

இவ்விழாவை எங்கே காண்பது என்பதில் அயலார்க்கு இருவகை வாய்ப்புகள் உண்டு. ஸ்டாக்ஹோமின் தேவாலயங்களிலும் ஸ்கன்செனிலும் தேர்ந்த பாடகர் குழுக்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்லலாம். சுவீடனின் கூட்டுப்பாடல் மரபு வலிமையானது என்பதால் இசையளவில் அவை சிறந்தவை. அரசுத் தொலைக்காட்சியும் ஆண்டுக்கு ஓர் ஊரைத் தேர்ந்து, அங்கு நடைபெறும் லூசியாவை அன்று காலை ஒளிபரப்புகிறது. ஆயினும் டிசம்பர் 13 சுவீடனில் பொது விடுமுறை நாள் அல்ல என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். மக்கள் வழக்கம்போல் வேலைக்குச் செல்கிறார்கள். விழா அவர்களைத் தேடி அலுவலகத்திற்கும், பள்ளிக்கும், மருத்துவமனைக்கும், முதியோர் இல்லத்திற்கும் வருகிறது. மழலையர் பள்ளியில் பெற்றோர் தரையில் அமர்ந்து காண்பதும், படுக்கையிலிருந்து எழ இயலாத நோயாளியின் அறைவாசலில் ஊர்வலம் நிற்பதும் இவ்விழாவின் நடுப்பகுதியே. தேவாலயக் கச்சேரி அதன் மெருகூட்டிய வடிவம். பல்கலைக்கழகம், அலுவலகம், நண்பர் வீடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் வழியாக அழைப்புப் பெறும் அயலார் அதனை ஏற்பதே நன்று. டிசம்பர் 10ஆம் நாள் பரிசு பெற்றபின் ஸ்டாக்ஹோமின் கிராண்ட் ஹோட்டலில் தங்கும் நொபெல் அறிஞர்களை, 13ஆம் நாள் காலை லூசியா ஊர்வலம் அறைக்கே சென்று பாடி எழுப்பும் வழக்கமும் உள்ளது. உலகப் புகழ்பெற்ற அவ்வறிஞர்களும் அவ்வேளையில், ஹோர்ன் மாளிகையில் உறங்கிய விருந்தினரின் நிலையிலேயே இருக்கிறார்கள்.

உணவைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுவது தகும், ஏனெனில் பாட்டு முடிந்ததும் கலைந்து செல்வோர் விழாவின் பாதியை இழக்கிறார்கள். லூசியா நாளுக்கே உரியது லுஸ்ஸெகட் எனப்படும் மஞ்சள்நிற இனிப்பு ரொட்டி. பாலும் வெண்ணெயும் சேர்த்து ஈஸ்ட் கொண்டு புளிக்கவைத்த மாவில் குங்குமப்பூவைப் பொடித்துக் கலந்து, இருமுனையும் எதிரெதிராகச் சுருண்ட வடிவில் உருட்டி, ஒவ்வொரு சுருளிலும் ஓர் உலர்திராட்சையைப் பதித்துச் சுடுகிறார்கள். ஒரு பூவில் மூன்றே சூல்முடிகள் கையால் பறிக்கப்படும் குங்குமப்பூ சுவீடனில் அரை கிராம் பொட்டலங்களாக விற்கப்படுகிறது; விலை மிகுந்த அச்சரக்கு, ஆண்டின் மிக இருண்ட வாரங்களில் மட்டும் எளிய வீடுகளின் அடுப்பிலும் நுழைகிறது. உடன் வைக்கப்படும் மெல்லிய இஞ்சி பிஸ்கட்டுகளிலும், மாலையில் சூடாகப் பருகும் கிளோக் என்னும் மசாலா மதுவிலும் பட்டை, கிராம்பு, ஏலம் ஆகியவற்றின் மணம் உண்டு. கிளோக்கைச் சிறு கோப்பையில் ஊற்றி, பாதாம்பருப்பும் உலர்திராட்சையும் இட்டுத் தருவார்கள். காலை ஊர்வலத்திற்குப் பின் அருந்துவது காப்பியே. இருட்டில் ஏறத்தாழ அசையாமல் அமர்ந்திருந்த கூட்டம், விளக்கு ஏற்றப்பட்டதும் ரொட்டித் தட்டைக் கைமாற்றிக்கொண்டு பேசத் தொடங்கும் அவ்வேளையில்தான், தயக்கம் மிகுந்தவர்கள் என்று பெயர் பெற்ற சுவீடியருடன் அயலார் எளிதாகப் பேச முடிகிறது.

லூசியாவாக யார் வரலாம் என்னும் வினா விழாவைச் சூழ்ந்து பல பத்தாண்டுகளாக விவாதிக்கப்படுகிறது. நாளிதழ்ப் போட்டிகள் படங்களை வெளியிட்டு வாக்குக் கேட்டமையால், நீண்ட பொன்னிறக் கூந்தலுடைய பெண்ணே லூசியா என்னும் எண்ணம் பரவி, அழகுப்போட்டி என்ற குறைகூறலுக்கு இடமளித்தது. தேர்ந்தெடுக்கப்படாத குழந்தையின் வருத்தத்தைக் கருதிப் பல பள்ளிகள் வாக்கெடுப்பைக் கைவிட்டுச் சீட்டுக் குலுக்கலை மேற்கொண்டன. மழலையர் பள்ளிகளில் விரும்பும் குழந்தைகள் அனைவரும் முடி சூடி வருவதும் உண்டு. சிறுவர்கள் லூசியாவாக வருவதைப் பற்றிய வாதங்களும் நிகழ்ந்தன. 2016இல் ஒரு வணிக நிறுவனம் கருநிறமுடைய குழந்தை ஒன்றை லூசியாவாகக் காட்டி விளம்பரம் வெளியிட்டபோது, இணையத்தில் எழுந்த வெறுப்புரைகளால் அவ்விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அதனைக் கண்டு மனம் வருந்திய பலர் அக்குழந்தைக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தனர். புனிதை சிசிலியர் என்பதையும், மெட்டு நேப்பிள்ஸினது என்பதையும் நோக்கும்போது, லூசியாவுக்கு ஒரே நிறத்தைக் கேட்போரின் வாதம் விழாவின் வரலாற்றிலேயே நிற்க இடமின்றிப் போகிறது.

இறுதியாக, அதே நாளில் சிரகூசாவில் நிகழ்வதை ஒப்பிட்டால் சுவீடிய விழாவின் தனித்தன்மை தெளிவாகும். அங்கே புனிதையின் வெள்ளிச் சிலை பேராலயத்திலிருந்து புறப்பட்டு, பச்சைத் தொப்பி அணிந்த ஆடவர்களின் தோளில் நகர்வலம் வந்து, அவர் அடக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படும் இடத்துக் கோவிலில் ஒரு வாரம் தங்கி, டிசம்பர் 20ஆம் நாள் திரும்புகிறது. மக்கள் தெருக்களில் திரண்டு வேண்டுகிறார்கள். பார்வைக் குறைபாட்டிற்கு அருள்புரிபவராக அவர் போற்றப்படுகிறார். அவ்விழாவில் புனிதையே நடுநாயகம். மக்கள் அவரிடம் வருகிறார்கள். சுவீடனிலோ புனிதையை எவரும் வேண்டுவதில்லை; அண்டை வீட்டுப் பெண்ணோ, உடன் பணிபுரிபவரோ, வகுப்புத் தோழியோ அன்று ஒரு காலைப்பொழுது மட்டும் அவர் பெயரைத் தாங்கி, மற்றவரிடம் வருகிறார். வணக்கம் நீங்கியபின் எஞ்சியது பணிவிடை. லூத்தரன் நாட்டில் இவ்விழா தழைத்தமைக்கும், சமயப் பற்றில்லாத சுவீடியர் பலரும் அதனைக் கைவிடாமைக்கும் இதுவே வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

ஆகவே இவ்விழாவைக் காணச் செல்லும் அயலார், அது எவ்வளவு தொன்மையானது என்று கேட்பதற்கு முன், அன்று யார் யாருக்காக எழுந்தார்கள் என்று கேட்பது பயன்தரும். விடியற்காலை நான்கு மணிக்கு மாவு உருட்டியவர், குழந்தையின் அங்கியைத் தேய்த்து வைத்தவர், முதியோர் இல்லத்திற்குப் பாடகர் குழுவைக் கூட்டிச்சென்றவர் ஆகியோரின் உழைப்பால் ஆனது அந்த அரைமணி நேர ஊர்வலம். அங்கே ஓராண்டு விருந்தினராக அமர்ந்து ஏற்றுக்கொண்டவர் அந்நாட்டிலேயே தங்கிவிட நேர்ந்தால், மறு ஆண்டில் அலுவலகப் பாடகர் குழுவில் நிற்கும்படி அழைக்கப்படுவார். வந்து குடியேறியோரின் குழந்தைகள் பள்ளி ஊர்வலங்களில் ஏற்கெனவே அவ்விடத்தைப் பெற்றிருக்கிறார்கள். மாளிகையிலிருந்து மாணவர் கழகத்திற்கும், அங்கிருந்து பள்ளிக்கும் தொழிற்கூடத்திற்கும் லூசியா பரவியது, பெற்றுக்கொண்டவர்கள் அடுத்த முறை கொடுப்பவர்களாக மாறியதால்தான். இனி அது தொடர்வதும் அவ்வாறே அமையும்.